எந்த வௌவால்?

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு என் மகள் கேட்டாள்: "அப்பா, வௌவாலைச் சமைச்சுச் சாப்பிட்டா அதுக்குள்ள இருக்குற வைரஸ் நமக்கு வந்துருமா?"

நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் தெர்மாமீட்டரை அவள் அக்குளிலிருந்து எடுத்து, நூற்றிரண்டு என்று பார்த்துவிட்டு, அடுத்த மாத்திரை எப்போது கொடுக்கலாம் என்று சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். காலையிலிருந்து காய்ச்சல். கூடவே அவளுக்கு வழக்கமான இழுப்பு. மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது இன்னொரு விசில். பன்னிரண்டு வயதுப் பெண். படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி பள்ளிக் கண்காட்சிக்கான சார்ட்டுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். உலகப் படம் வரைந்து, ஒவ்வொரு கண்டத்திலும் அங்கே வாழும் வௌவால்களை ஒட்டியிருந்தாள். அதனால் அந்தக் கேள்வி எனக்கு முதலில் விசித்திரமாகப் படவில்லை.

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்." வெள்ளை நிறப் பென்சிலைச் சீவினாள். "அத்தை வீட்ல ஒரு சூப்பு குடிச்சேன்ல. அது என்ன கறிப்பா?"

காலாண்டு விடுமுறைக்கு அவளும் என் மனைவியும் பேரையூர்ப் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

"கோழியா இருக்கும்."

"கோழி எலும்பு எனக்குத் தெரியாதா? இது குச்சி குச்சியா இருந்துச்சுப்பா. கறுப்பா, மிளகுத் தண்ணி மாதிரி. விடியக்காலைல எழுப்பிக் குடுத்தாங்க. குடிச்சு முடிக்கிறவரைக்கும் யாரும் பேசக் கூடாதுன்னு அத்தை சொல்லிருச்சு. செம காமெடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த சூப்பை நான் குடித்திருக்கிறேன்.

எனக்கும் சிறு வயதில் இழுப்பு இருந்தது. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை மருத மரத்தில், கறுப்புத் துணிகளைக் காயப்போட்டது போலப் பகலெல்லாம் பெரிய வௌவால்கள் தொங்கும். அவற்றில் ஒன்றை வலை கட்டிப் பிடித்து, மிளகும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்து, வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. கொடுக்கிறவர் அது என்னவென்று சொல்லக் கூடாது, குடிக்கிறவர் கேட்கக் கூடாது. பெயர் சொல்லிவிட்டால் மருந்து கேட்காதாம். கேட்டு வாங்குகிறவர்கள்கூட "அந்த மருந்து" என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஐயா டம்ளரை நீட்ட, அக்கா என் மூக்கைப் பிடித்துக்கொள்ள, நான் குடித்தேன். வளர வளர இழுப்பு நின்றது. வயதாக ஆகப் பல பிள்ளைகளுக்கு அது தானாகவே நிற்கும் என்று பின்னால் படித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் புகழ் எல்லாம் வௌவாலுக்குத்தான் போனது.

நிலம் இல்லாத கூலிக்காரக் குடும்பம் எங்களுடையது. கல்லூரி விடுதியில் ஒருவன், "மாப்ள, உங்க ஊர்ல வௌவால் திம்பீங்களாமே, தலகீழாத் தொங்கிக்கிட்டா?" என்று கேட்டு அறையையே சிரிக்கவைத்தான். அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எங்கும் எடுத்ததில்லை. மனைவியிடமும் சொன்னதில்லை. அவள் கோவிலை ஒட்டிய தெருவில், முட்டை ஓட்டைக் கண்டால்கூட ஒதுங்கி நடக்கும் சைவ வீட்டில் பிறந்தவள். இரண்டு பக்கத்தையும் எதிர்த்து என்னை மணந்தவள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கும் மகளுக்கும் தனிச் சட்டியில் முட்டை வேகவைப்பாள். அதற்குமேல் அசைவம் அவள் கைக்கு வந்ததில்லை.

அடுப்படிக்குப் போனேன். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா வீட்ல புள்ளைக்கு என்ன சூப்பு குடுத்துச்சு?"

"நாட்டுக்கோழின்னாங்க." கஞ்சியை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினாள். "கறியப் பத்தி எனக்கென்னங்க தெரியும்?"

அது நியாயமான பதில்தான். ஆக, என் சந்தேகம் நேராக அக்கா மேல் போய் நின்றது. சைவக்காரிக்குத் தெரியவா போகிறது என்று நினைத்திருப்பாள். தம்பிக்குக் கேட்ட மருந்து தம்பி மகளுக்கும் கேட்கும் என்று நினைத்திருப்பாள். கேரளாவில் நிபா என்று செய்தி வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் எந்தப் படத்தைக் காட்டுகிறார்கள்? அதே பெரிய வௌவாலைத்தான். அக்கா வீட்டிலும் டிவி இருக்கிறதே. அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லையா?

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பிறகு ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. வேண்டுமென்றேதான் அணைத்திருக்கிறாள் என்று அந்தக் கணமே முடிவுகட்டினேன்.

கப்பலூரில் ரப்பர் வளையங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. நல்லதாகத் தெரிவதையும் நம்பாமல் இழுத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டால் எப்படி இருக்கும் என்பதை அந்த இரண்டு நாட்களில் பார்த்தேன்.

மகள் கஞ்சி குடித்துக் கண்ணயர்ந்ததும் அவள் சார்ட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்கு வேண்டிய படங்களை இணையத்தில் தேடி அச்செடுத்துக் கொடுத்தவனே நான்தான். போன வாரம் வியப்போடு படித்தவற்றை இப்போது போலீஸ் ஸ்டேஷனில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். உலகில் ஆயிரத்து நானூறு வகைக்கும் மேல் வௌவால்கள். பாலூட்டி இனங்களில் ஐந்தில் ஒன்று வௌவால். தாய்லாந்தின் குகைகளில் ஒரு வண்டளவே இருக்கும் வௌவால். பிலிப்பைன்ஸில் சிறகை விரித்தால் ஒரு ஆள் உயரம் வரும் வௌவால். மத்திய அமெரிக்காவில் இலையின் நரம்பைக் கடித்து மடித்துக் கூடாரமாக்கி, பஞ்சு உருண்டைகள் போல அதற்குள் ஒட்டிக்கொண்டு தூங்கும் வெள்ளை வௌவால்கள். அவள் சீவிய வெள்ளைப் பென்சில் அவற்றுக்குத்தான். குளத்தின் மேல் தாழப் பறந்து கால் நகத்தால் மீன் பிடிப்பது ஒன்று. தவளை கத்துவதைக் கேட்டு அதைத் தேடிப் போவது ஒன்று. ஈக்குவடாரில் உடம்பைவிட நீளமான நாக்கால் பூவுக்குள் தேன் குடிப்பது ஒன்று. நியூசிலாந்தில் பறக்கத் தெரிந்தும் எலிபோலத் தரையில் ஓடித் திரிவது ஒன்று. ரத்தம் குடிப்பவை இத்தனையிலும் மூன்றே வகை. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில்தான். அதிலும் ஒன்று, பட்டினியாகத் திரும்பிய தோழிக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுமாம். அதன் பக்கத்தில் மகள் சிவப்பில் ஒரு இதயம் வரைந்திருந்தாள்.

இந்தியாவின் மேல் நான்கைந்து படங்கள். மேகமலைப் பக்கத்துக் காடுகளில் மட்டுமே வாழும் அரிய பழந்தின்னி. நம் குன்றுகளின் குகைகளில் அடையும், எலிவால் போல நீண்ட வாலுடைய சின்ன வௌவால். கடைப் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கொசு பிடிக்கும் குட்டி வௌவால். கடைசியாக, எங்கள் மருத மரத்து ஆள். நரி முகம். கழுத்தில் தேன்நிறச் சால்வை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீதானே, என்று கேட்டேன்.

இருட்டத் தொடங்கியபோது மொட்டைமாடிக்குப் போனேன். மதுரை செல்லூரில் எங்களுக்குக் கீழ்வீட்டு விசைத்தறி ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. வைகைப் பக்கமிருந்து முதலில் சின்னவை வந்தன. தெருவிளக்கைச் சுற்றிக் கிறுக்குப் பிடித்ததுபோல் வளைந்து வளைந்து பறந்தன. பிறகு உயரத்தில், அவசரமே இல்லாமல், காகத்தைவிடப் பெரிய ஒன்று சிறகடித்துக் கடந்தது. இத்தனை வருடம் இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் வௌவால் என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

கீழே இறங்கி வந்தபோது மனைவி மகளிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"தலை வலிக்குதாம்மா? பின்னங்கழுத்து? வெளிச்சம் கண்ணைக் கூசுதா? இன்னைக்கு என்ன கிழமை, சொல்லு பாப்போம்."

"அம்மா, எனக்குக் காய்ச்சல்தான். லூசு ஆகல."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இவளுக்கு எத்தனையோ முறை காய்ச்சல் வந்திருக்கிறது. இந்தக் கேள்விகளை என் மனைவி ஒருமுறையும் கேட்டதில்லை. மூளையைத் தாக்கும் காய்ச்சலுக்குக் கேட்கும் கேள்விகள் இவை. நிபா என்று தேடினால் வரும் பக்கங்களில் நான் சற்றுமுன் படித்தவை. நான் அவளிடம் வௌவால் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. பிறகு ஏன் கேட்கிறாள்? மகளின் டம்ளரை அவள் தனியாகக் கழுவி வெந்நீரில் போட்டிருந்ததும் கண்ணில் பட்டது.

மறுநாள் காலை மூவரும் ஆட்டோவில் கிளினிக்குக்குப் போனோம். மகளின் மூச்சை முதல்முதலில் சோதித்த காலத்திலிருந்து பார்க்கிற டாக்டர் அம்மா அவர். நெஞ்சில் வைத்துக் கேட்டார், தொண்டையைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், நெபுலைசர் வைக்க அடுத்த அறைக்கு அனுப்பினார். மகள் போனதும் நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "மேடம், புள்ள வௌவால் கறி சாப்பிட்டிருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த வௌவால்?"

"பழம் திங்கிறது. பெரிசு."

"தெரிஞ்சு சொல்றீங்களா, நினைச்சுச் சொல்றீங்களா?"

"நினைக்கிறேன்."

"நினைப்புக்கு நான் வைத்தியம் பாக்க முடியாது சார். எந்த வௌவால், யார் பிடிச்சது, யார் உரிச்சது, நல்லா வெந்துச்சா, புள்ள பக்கத்துல நின்னுச்சா. எல்லா வௌவால்லயும் எல்லாக் கிருமியும் கிடையாது. நல்லாக் கொதிச்ச கறில பயம் கம்மிதான். பிடிக்கிறவனுக்கும் உரிக்கிறவனுக்கும்தான் ஆபத்து." கொஞ்சம் நிறுத்தினார். "பாத்தா எனக்குச் சீசன் காய்ச்சலாத்தான் தெரியுது. ஆனா நீங்க இப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டீங்க. நிஜம்னு உறுதியாச்சுன்னா நான் மேல தகவல் குடுக்கணும். பெரிய ஆஸ்பத்திரில தனி வார்டுல வச்சுத்தான் பாப்பாங்க. கூட ஆள் விட மாட்டாங்க. அதனால இன்னைக்குள்ள கேட்டு எனக்குச் சொல்லுங்க."

தனி வார்டு என்றதும் மனைவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. என் குடும்பத்தின்மேல் உள்ள கோபத்தை அடக்குகிறாள் என்று நினைத்தேன். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க அக்கா செஞ்ச வேலையைப் பாத்தீங்களா" என்று ஒரு வார்த்தை. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அந்த இடத்திலேயே கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் மகள்தான் பேசினாள். "டாக்டர் நல்ல கேள்வி கேட்டாங்கப்பா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கதவு தொறந்துதான இருந்துச்சு. வௌவால்னா ஒண்ணு கிடையாதுப்பா. எங்க மிஸ்ஸே அப்படித்தான் பேசுறாங்க. குருவின்னு சொல்லி மயிலையும் சேத்துக்கிற மாதிரி இருக்கு." கொஞ்ச தூரம் போனதும் இருமிவிட்டுக் கேட்டாள். "நான் நெசமாவே வௌவால் சாப்பிட்டேனாப்பா? பெரிய வௌவாலுக்கு வருசத்துக்கு ஒரே ஒரு குட்டிதாம்ப்பா."

தனக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. அவள் தோளைச் சுற்றிக் கை போட்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து என் மனைவியின் கையும் வந்து அதே தோளைப் பிடித்தது.

அக்காவின் போன் அப்போதும் அணைந்தே இருந்தது. ஊர் டீக்கடைக்காரர் எண் என்னிடம் இருந்தது. அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, பாப்பாவுக்கு ரொம்ப முடியல, அக்காவ உடனே மதுரைக்குப் பஸ் ஏறச் சொல்லுங்க" என்றேன். மதியத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டெங்கு இல்லை, மற்றபடியும் பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலும் நூறுக்கு இறங்கியிருந்தது. ஆனால் டாக்டர் அம்மா போனில் மறக்காமல் கேட்டார்: "நான் கேட்டதுக்கு என்ன பதில்?"

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன் மேடம்."

மகள் தூங்கினாள். நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"நேத்து புள்ளைகிட்ட வெளிச்சம் கூசுதான்னு ஏன் கேட்ட?"

"காய்ச்சல்னா கேக்க மாட்டாங்களா?"

"நீ கேட்டதில்ல."

அவள் ஏற்கனவே கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடி கழுவினாள்.

"அக்கா குடுத்தது என்னன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்கிட்ட மறைக்கிற. அக்காவுக்குப் பயந்தா?"

"மதினிய எதுவும் கேக்காதீங்க," என்றாள். திரும்பவில்லை. "அவங்க வந்தா ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்னன்னு பேசுவ?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். இருபது வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் மறைத்தது எதுவும் எனக்கு நினைவில்லை. அல்லது மறைத்தவை எனக்குத் தெரியவே இல்லை. அந்த எண்ணம் வந்ததும், இரண்டு பெண்களும் சேர்ந்தே என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியது. எதற்காக என்பதுதான் விளங்கவில்லை.

ஐந்தரை வாக்கில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி நேராக உள்ளே போய், தூங்குகிற பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

"லேசாத்தானடா சுடுது! டீக்கடைக்காரன் வந்து கத்துன கத்துல ஈரக்கொல நடுங்கிப் போச்சு. வெளங்காத போனு, நேத்துலருந்து செத்துக் கெடக்கு. வார வழியெல்லாம் எத்தன சாமியக் கும்புட்டேன் தெரியுமா? ஏண்டா இப்படிப் பண்ற?"

"வெளிய வாக்கா."

அடுப்படிக்கு வந்தாள். மனைவி சுவரோரம் நின்றிருந்தாள்.

"புள்ளைக்கு அன்னைக்கு விடியக்காலைல என்ன குடுத்த?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்தாள். "நீ இன்னும் சொல்லலையா?"

அதன்பிறகு என் மனைவி பேசியதை நான் அப்படியே எழுதுகிறேன். இன்றுவரை என்னால் அதை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க முடியவில்லை.

"நான்தாங்க கேட்டேன். மதினி மேல ஒண்ணுமில்ல. நான்தான் அந்த மருந்து வேணும்னு கேட்டேன். உங்களுக்குச் சின்ன வயசுல அதுலதான் நின்னுச்சுன்னு அவங்க ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னாங்க. எத்தனை இன்ஹேலர், எத்தனை டாக்டர். புள்ள மூச்சுக்குத் தவிக்கிறப்ப நீங்க ஃபேன் போடுவீங்க, ஜன்னலைத் தொறப்பீங்க. அவ கண்ணைப் பாத்துட்டு உக்காந்திருக்குறது நான். தப்புன்னு தெரியும். நான் படிச்சவதான். தெரிஞ்சேதான் கேட்டேன். காய்ச்சல்னதும் எனக்கு உசிரே போயிருச்சு. உங்ககிட்டச் சொல்ல வாய் வரல." அக்காவின் பக்கம் திரும்பினாள். "மதினி, வௌவால்தான்னு டாக்டர்கிட்ட சொல்லிருவோம். என்ன ஆனாலும் சரி. மறைக்கக் கூடாது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"அடியே," என்றாள் அக்கா. "அது காடைடீ."

கீழே தறி ஓடியது.

"பேரையூர்க் கறிக்கடையில வாங்குன காடை. நல்லா மிளகத் தட்டிப் போட்டு வச்சேன். பேர் கேக்கக் கூடாதுங்கிறது எனக்கும் வசதியாப் போச்சு. நீ கறியே கண்டதில்ல, உனக்குக் காடை எது கழுகு எதுன்னு என்ன தெரியும்?"

"சத்தியமாவாக்கா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பாரு, இப்பவும் நம்ப மாட்டேங்கிறான். கறிக்கடைக்காரனுக்குப் போனப் போடு, கேளு. டிவில தெனம் காட்டுறானே, எனக்குக் கண்ணு இல்லையா? நம்ம ரத்தத்துக்கு நான் அதக் குடுப்பனாடா?"

நான் உண்மையிலேயே கறிக்கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். அக்கா முன்னாலேயே. தங்கச்சி வீட்டுப் பிள்ளைக்கு என்று காடை வாங்கிப்போனதாக அவர் சொன்னார். தம்பி வீடு என்று ஏன் சொல்லவில்லை என்று ஒரு கணம் எனக்குள் அரித்தது. அதையும் கேட்டிருப்பேன். மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்துவிட்டு, டாக்டர் அம்மாவின் எண்ணைத் தன் போனில் தேட ஆரம்பித்தாள். கண்ணீரில் எண்கள் தெரியாமல் தடுமாறினாள்.

"அப்ப அன்னைக்கே மாட்டேன்னு அவகிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா," என்றேன். "எதுக்கு இந்த நாடகம்? எதுக்கு இவ்வளவு பயம்?"

அக்கா குடத்திலிருந்து தானே ஒரு சொம்புத் தண்ணீர் மோந்து, நின்றபடியே குடித்தாள். பிறகு என் மனைவியைக் காட்டிச் சொன்னாள்.

"இவ என்கிட்ட வந்து நின்ன நெலமைய நீ பாக்கலடா. நான் மாட்டேன்னா வேற எவன்கிட்டயாவது போயிருப்பா. அவன் நெசத்தையே பிடிச்சுக் குடுத்திருப்பான்."